முதலில் வந்த பக்கம்

“கம்பெனிக்கு விலைபோனார் தம்புசாமி. அதையே தலைப்பாப் போடு” என்றார் தியாகராஜன்.

சிவகாமி தட்டச்சு செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாடி அறை ஒன்றுதான் தோட்டத் தொழிலாளர்களுக்காக அவர்கள் நடத்தும் இயக்கத்தின் ஆபீஸ். வெப்சைட் அவள் பொறுப்பு.

“ஆதாரம் இருக்கா அண்ணே?”

“அவனும் இதே தோட்டத்துக்காகப் பக்கம் வச்சிருந்தான்ல? இப்ப எங்கே? மூடிட்டான். சும்மா மூடுவானா லா?”

1999. பந்திங் ஊர்ப்பக்கம் ஒரு தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளை இடிக்க நாள் குறித்தாகிவிட்டது. மூன்று தலைமுறை உழைப்புக்குக் கம்பெனி கொடுத்த பரிசு, புல்டோசர். கம்பெனியின் பனை எண்ணெயை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேள்வி கேட்டால்தான் இடிப்பு நிற்கும்.

அவர்கள் இணையத்தில் இந்தத் தோட்டத்தின் பெயரைத் தேடினால் முதலில் வந்தது கம்பெனியின் பக்கம். மக்கள் விரும்பியே வெளியேறுகிறார்களாம். தியாகராஜனின் பக்கம் எங்கோ அடியில் கிடந்தது.

இன்னும் காரமாக எழுதினால் மேலே வந்துவிடும் என்று அவர் நம்பினார்.

“நாமளே நம்மளப் பெரிசுன்னு சொன்னா தேடுபொறி நம்பாது அண்ணே” என்றாள் சிவகாமி. “மத்த பக்கங்க நமக்கு லிங்க் கொடுக்கணும். அதுவும் நாலு பேர் மதிக்கிற பக்கமா இருக்கணும்.”

“உண்மைக்கு எவன் சிபாரிசும் வேணாம். போடு.”

போட்டாள்.

இடிக்கும் நாள் நெருங்கியது. தோட்டத்துக்குள் இயந்திரங்கள் வந்து நின்றன. அந்த வாரம்தான் இயக்கத்தின் பக்கம் கம்பெனியின் பக்கத்தைத் தாண்டி முதலில் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் படித்தார்கள், கம்பெனியைக் கேட்டார்கள். இடிப்பு நின்றது.

தியாகராஜன் மேசையைத் தட்டினார். “பார்த்தியா, அந்தத் தலைப்போட பலம்.”

சிவகாமி யார் யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். வெளிநாட்டுத் தொழிற்சங்கங்கள், மனித உரிமைக் குழுக்கள். முன்பு தம்புசாமியின் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தவர்கள் அத்தனை பேரும்.

தியாகராஜன் கிளம்பிப் போனதும் தம்புசாமிக்குப் போன் போட்டாள்.

“ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு கிடந்தா ரெண்டுமே மேல வராது தங்கச்சி” என்றார் அவர். “அதான் என்னோடத மூடிட்டு, உங்களுக்கு லிங்க் கொடுக்கச் சொல்லி எல்லாருக்கும் எழுதினேன்.”

அவள் தயங்கினாள். “எங்க தலைப்ப நீங்க பார்க்கலையா அண்ணே?”

“பார்த்தேனே. அப்ப பாதிப் பேருக்குத்தான் எழுதியிருந்தேன். மிச்சப் பேருக்கு அதப் படிச்சிட்டுத்தான் எழுதினேன்.”