ஒரு சிட்டிகை இரை

காலுறைகளில் கிருமி வளராமலிருக்க வெள்ளியின் நுண்தூளைப் பூசும் பிரிவில் எனக்கு வேலை. அந்தத் தூள் கண்ணுக்குத் தெரியாது. இந்த முகமூடி போதுமா என்று மேற்பார்வையாளர் செங்கோடனிடம் கேட்டேன். அவர் வெள்ளைத் துணியால் மேசையைத் துடைத்துக் காட்டினார்.

"பாரு கண்ணு, அழுக்கே இல்ல. தெரியாத தூசு உன்னை என்ன பண்ணப்போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். தூள் நுண்மையாக ஆக, உடலுக்குள் ஆழமாகப் போகும் என்று நான் போகும் மாலை நேர அறிவியல் வகுப்பில் சொன்னார்கள். நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்னவோ.

அறைக்குத் திரும்பி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். கண்ணாடித் தொட்டியில் என் ஒற்றை மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடியது. இந்த ஊரில் எனக்காகக் காத்திருப்பது அது மட்டும்தான். விரல்கள் சுத்தமாகத்தான் தெரிந்தன. கிள்ளிய இரையோடு அவை தண்ணீருக்கு மேலேயே நின்றன.