ஒரு வாளிக் கடல்

ஆப்பிரிக்கக் கரையோரத்தில் இருந்த அந்தச் சின்ன நாட்டில், கல்யாணத்துக்கு மறுநாள் மணப்பெண் கடலில் கால் நனைத்த பிறகுதான் புகுந்த வீட்டுக்குப் போவாள். மகள் ஹோதானைக் காரில் அழைத்துப்போனார் வர்சாமே. வெளியுறவுத் துறையில் பெரிய பதவியில் இருந்தவர். வெளிநாட்டுக் குழுக்கள் வரும்போதெல்லாம் வரைபடத்தில் தங்கள் ஜலசந்தியைத் தொட்டுக் காட்டி, "எல்லாக் கப்பலும் இந்த வழியாத்தான் போயாகணும். உலகத்தோட குடுமி எங்க கையில" என்பார். கேட்டவர்கள் ஆளுக்கொரு துண்டாகக் கரையைக் குத்தகைக்கு எடுத்து ராணுவ முகாம் போட்டுக்கொண்டார்கள். இப்போது வழி நெடுக வேலி. ஒவ்வொரு வேலிக்குள்ளும் வேறு வேறு கொடி.

"சின்ன வயசுல நீங்கல்லாம் எந்த இடத்துலப்பா கடல்ல குளிச்சீங்க?" என்று ஹோதான் கேட்டாள். அவர் ஒரு முகாம் வாசலில் காரை நிறுத்தி இறங்கிப் போய், காவலுக்கு நின்ற வெளிநாட்டுச் சிப்பாயிடம் விஷயத்தைச் சொன்னார். அவன் நல்லவன். உள்ளே விட அனுமதியில்லை என்று வருத்தப்பட்டான். பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளியில் கடல் தண்ணீர் மொண்டு வந்து வேலிக்கு வெளியே வைத்தான்.

வாளி சின்னது. மருதாணி போட்ட கால்களை அவள் ஒவ்வொன்றாகத்தான் நனைக்க முடிந்தது. விழாமலிருக்க அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் தார்ச்சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிச்சத் தண்ணிய என்ன பண்றது?" என்று கேட்டாள் ஹோதான்.

"குடுங்க, கடல்லயே ஊத்திடறேன்" என்றான் சிப்பாய்.

வர்சாமே குனிந்து வாளியை எடுத்து, இரண்டு கைகளாலும் அவனிடம் நீட்டினார்.