அடுத்த வூட்டுத் தண்ணி

“இது அவங்க வூட்டுத் தண்ணி இல்ல மேடம். எங்க அண்ணன் வூட்டு போர்ல புடிச்சது. திருட்டுத் தண்ணி!”

சாமிக்கண்ணு போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கரையாம்புத்தூர் பள்ளிக்கூடத்தில் அன்று தண்ணீர்ப் பரிசோதனை முகாம். நடத்தியது வட்டார வேதியியலாளர் சங்கம். கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துகிறவர்கள், மருந்து கம்பெனி லேபில் இருப்பவர்கள் என்று பன்னிரண்டு பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு ஏதாவது ஒரு ஊருக்குக் கிளம்பி வந்துவிடுவார்கள். சங்கத்தின் செயலாளர் கீதாஞ்சலி.

அவள் மேஜைக்கு முன்னால் பாட்டிலோடு நின்றாள் தையலம்மாள். ஐம்பத்தைந்து வயசிருக்கும். காலையில் முதல் ஆளாக வந்து தன் வீட்டுத் தண்ணீரைக் கொடுத்தவள். இது இரண்டாவது பாட்டில்.

“என்னங்க பிரச்சினை?” என்றாள் கீதாஞ்சலி.

“இவங்களுக்கும் எங்க அண்ணனுக்கும் வரப்புத் தகராறு மேடம். ஆறு வருசமா கோர்ட்ல கெடக்குது. பேச்சு வார்த்த கெடையாது. இப்ப வேலியத் தாண்டி உள்ள பூந்து தண்ணி புடிச்சத தெருவே பாத்திருக்குது. எங்க தண்ணி மோசம்னு உங்ககிட்ட ஒரு ரிப்போர்ட்டு வாங்கி, ஊரு பூரா காட்டி அசிங்கப்படுத்தணும். வேற இன்னா?”

“உண்மையாம்மா?”

“ஆமா. வேலியத் தாண்டித்தான் புடிச்சன்” என்றாள் தையலம்மாள்.

கீதாஞ்சலிக்குக் கோபம் வந்துவிட்டது.

“உங்க சண்டைக்கு எங்க சங்கத்தை இழுக்காதீங்க. வீட்டுக்காரங்க சம்மதம் இல்லாம டெஸ்ட் பண்ண மாட்டோம். எடுத்துட்டுப் போங்க.”

“நல்லா சொல்லுங்க மேடம்!” என்று சாமிக்கண்ணு வெற்றியோடு கிளம்பினான்.

தையலம்மாள் போகவில்லை. பாட்டிலை இடுக்கிக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் கூட்டம் கலைந்தது. பாட்டில்களை அட்டைப் பெட்டியில் அடுக்கும்போது கீதாஞ்சலி பார்த்தாள். தையலம்மாள் இன்னும் அங்கேயே இருந்தாள்.

“என்னம்மா நீங்க, இவ்வளவு பிடிவாதமா?”

“ரிப்போர்ட்டு வேணாம்மா. பேரக்கூட எழுத வேணாம். நல்லதா கெட்டதான்னு பாத்து வாயால சொன்னாப் போதும்.”

“தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?”

“காலையில மைக்குல நீதான பேசன? வயலுக்குப் போடற உரம் நெலத்துல எறங்கி தண்ணியில கலந்துடும், பச்சக் கொழந்தைக்கு அதுல பால் பவுடரு கலக்கக் கூடாது, ஒடம்பு நீலம் பூத்துடும்னு.”

“ஆமா.”

“எங்க தண்ணி அப்பிடித்தான் இருக்குதுன்னும் நீதான சொன்ன? அவங்க போரு எங்க போருக்கு அடுத்தாப்புலதான். அந்த வூட்ல மவ பிரசவத்துக்கு வந்துருக்கா. கொழந்தைக்கு ரெண்டு மாசந்தான் இருக்கும்.”

“குழந்தையப் பாத்தீங்களா?”

“நான் எப்பிடிம்மா போயிப் பாக்கறது? அழுவற சத்தம் கேக்குது. பால் பவுடர் டப்பா வேலியோரம் கெடக்குது.”

கீதாஞ்சலி கையை நீட்டி பாட்டிலை வாங்கினாள்.

டெஸ்ட் தாளை நனைத்தாள். ஒரு நிமிஷம். வெள்ளையாக இருந்த தாள் அடர்ந்த ரோஸ் நிறத்துக்கு மாறியது. இன்னொரு தாளை நனைத்தாள். அதுவும் அப்படியே. பக்கத்தில் நின்ற சங்கத்து ஜெயசீலனிடம் காட்டினாள்.

“உரத்துலேர்ந்து வர்ற நைட்ரேட். இருக்கலாம்கிற அளவைப்போல மூணு மடங்கு” என்றார் அவர்.

சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் விஷயத்தைப் போட்டாள். அரியூரில் மருத்துவமனை லேபில் இருக்கும் லில்லி உடனே கூப்பிட்டாள். “குழந்தையைக் கூட்டிட்டு வரச் சொல்லு. டாக்டர்கிட்ட நான் பேசி வைக்கிறேன்.” பாகூரில் கேன் தண்ணீர் போடுகிற தெரிந்தவருக்கு ஜெயசீலன் போன் செய்தார்.

“வாங்கம்மா, சேந்தே போய் சொல்லலாம்” என்று கீதாஞ்சலி தையலம்மாளைக் கூப்பிட்டாள்.

“ஐயோ, வேணாம்! நான் வந்து நின்னா, சண்டைக்குத்தான் சொல்றன்னு வீம்புக்கு அந்தத் தண்ணியவே குடுப்பாங்க. நீங்களா பாத்த மாரி சொல்லு.”

கீதாஞ்சலி மட்டும் போனாள். கதவைத் திறந்தது சாமிக்கண்ணுவின் அண்ணி, குழந்தையின் பாட்டி மகாலட்சுமி. தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கீதாஞ்சலி முதலில் அதன் உதட்டையும் நகத்தையும் பார்த்தாள். நிறம் மாறியிருக்கவில்லை. அப்புறம்தான் தண்ணீர் விஷயத்தைச் சொன்னாள்.

“கொதிக்க வெச்சித்தான குடுக்கறம்?” என்றாள் மகாலட்சுமி.

“கொதிக்க வெச்சா இது போகாதுங்க. இன்னும் கூடத்தான் செய்யும். கேன் தண்ணி சொல்லியிருக்கோம். இன்னிக்கே குழந்தையை அரியூருக்குக் கூட்டிட்டுப் போங்க. டாக்டர்கிட்ட எங்க சங்கத்துப் பொண்ணு ஒருத்தி சொல்லி வைப்பா.”

மகாலட்சுமி உள்ளே போய், பிளாஸ்கில் இருந்த தண்ணீரை வாசலில் கொண்டுவந்து கொட்டினாள்.

“நாங்க தண்ணி குடுக்கவே இல்லியே. உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?”

“தெருவுல நாங்களே ஒவ்வொரு வீடா எடுத்தோம்” என்றாள் கீதாஞ்சலி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

“ஏம்மா பொய் சொல்ற? அவங்க வேலியத் தாண்டி வந்து புடிச்சப்ப நான் ஜன்னல்லதான் நின்னுகினு இருந்தன்.”

கீதாஞ்சலி திகைத்துப் போனாள்.

“பாத்துட்டுமா தடுக்கல?”

“பேச்சுதாம்மா நின்னுபோச்சு. அவங்க மனசு எனக்குத் தெரியாதா?”