பேரன் கழுத்துப் புலிநகம்

"இது புலியா, எருமையா? கடையில இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்க அண்ணாச்சி!"

உஸ்மான் ரோடு நகைக்கடையில், கல்லாவின் மேல் சங்கிலியை வீசினார் வக்கீல் சண்முகசுந்தரம். தங்கப் பூண் போட்ட இரண்டு நகங்கள் அதில் தொங்கின.

மயிலாப்பூரிலிருந்தே கொதித்துக்கொண்டு வந்திருந்தார். மகள் வயிற்றுப் பேரனுக்குக் காதுகுத்து. தாய்வழித் தாத்தா புலிநகம் போடுவது அவர்கள் குடும்ப வழக்கம். போட்டார். சம்பந்தி வீட்டு ஆசாரி அதை வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு, "எருமைக் கொம்புங்க" என்று சபையிலேயே சொல்லிவிட்டான். சம்பந்தியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் அவர் காதைவிட்டுப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அங்கே விருந்து. அதற்குள் அசல் நகத்தோடு போய் நிற்காவிட்டால், அந்த வீட்டுப் படியை இனி எந்த முகத்தோடு மிதிப்பது?

கடைக்காரர் அய்யாதுரை அண்ணாச்சி சங்கிலியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"எருமைதான்" என்றார்.

பக்கத்தில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கைக்காரி கமர் ஜஹான் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "இன்னா அண்ணாச்சி, என் வளையல்ல இன்னா கலந்து கீது? ஆடா, மாடா?"

கடையே சிரித்தது.

அண்ணாச்சியின் தம்பி வெள்ளைத்துரைக்கு வியர்த்துவிட்டது. அண்ணன் காதருகே குனிந்தான். "தரகன் நம்மள ஏமாத்திட்டான்னு சொல்லிருங்கண்ணே. கடை பேரு போயிரும்."

"என்னை ஒருத்தனும் ஏமாத்தலை" என்றார் அண்ணாச்சி உரக்க. "தெரிஞ்சுதான் கொடுத்தேன். தங்கத்துல ஒரு குந்துமணி குறைஞ்சிருந்தா என் சட்டையைப் பிடிங்க. நகம் மட்டும் கொம்பு. இவருக்கு மட்டுமில்ல, அஞ்சாறு வருஷமா எல்லாருக்கும் அதான்."

ஏமாற்றியவன் கொஞ்சமாவது நெளிவான் என்று எதிர்பார்த்து வந்த வக்கீலுக்கு, இந்தத் திமிரைப் பார்த்ததும் கோபம் தலைக்கேறியது.

"எருமைக் கொம்பு குப்பையில கிடக்கிற சாமான். அதுக்குப் புலிநக விலை! இதுவரைக்கும் எவ்வளவு சுருட்டினீங்க?"

அண்ணாச்சி சங்கிலியை எடுத்துத் தராசில் வைத்தார். வக்கீல் விடவில்லை.

"எமர்ஜென்சி நேரம். நான் ஒரு வார்த்தை சொன்னா உங்களை உள்ளே தள்ளிடுவாங்க. தெரியுமில்ல?"

"வாங்க, சேர்ந்தே போவோம். கம்ப்ளெயின்ட்ல என்ன எழுதுவீங்க வக்கீலய்யா? புலியைக் கொல்லாம எனக்கு நகம் கொடுத்துட்டான்னா?"

"நான் எந்தப் புலியையும் கொல்லச் சொல்லலை! எங்கேயோ, எவனோ சுட்டது..."

"நீங்க கேட்கப் போய்த்தானே அவன் சுடுதான்?"

"வித்தை காட்டாதீங்க. இஷ்டமில்லேன்னா நகம் இல்லேன்னு சொல்லியிருக்கணும்."

"சொன்னா அடுத்த கடைக்குப் போவீங்க. அவன் வரவழைச்சுக் கொடுப்பான். காட்டுல ஒண்ணு விழும். சொல்லாம கொடுத்தது தப்புன்னா தப்புதான். நாளைக்கு வேற ஒருத்தர் வந்து கேட்டாலும் இதே தப்பைத்தான் செய்வேன்."

"என் பேரன் தைரியமா வளரணும்னு போட்டது ஐயா அது!"

"வளரட்டும். பெரியவனாகி, தாத்தா, புலின்னா எப்படி இருக்கும், காட்டுங்கன்னு கேட்டா எங்கே கூட்டிட்டுப் போவீங்க? அவன் கழுத்தைத்தான் தொட்டுக் காட்டணும்."

"நகை வாங்க வந்தேன். உபதேசம் கேட்க வரலை" என்றார் வக்கீல். "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. அசல் நகம் தருவீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன். நகையை வச்சுட்டுப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கோங்க."

அந்த நேரம் பார்த்து, கசங்கிய சட்டையும் துணிப்பையுமாக ஒரு தரகர் உள்ளே நுழைந்தார். வக்கீலைத் தள்ளிக்கொண்டு கல்லாவுக்கு வந்து, பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தார்.

பழுப்பு மஞ்சளில் நகங்கள். சிலவற்றின் அடியில் சதை காய்ந்து ஒட்டியிருந்தது.

"அசல் மால் அண்ணாச்சி. வேணும்ன்றதைப் பொறுக்கிக்கோ."

தேடி வந்தது கண்ணெதிரே கிடந்தது. வக்கீலின் கை தானாக நீண்டது.

அண்ணாச்சியின் உள்ளங்கை பொட்டலத்தின் மேல் படீரென்று விழுந்தது. "கட்டுடே! எத்தனை தடவை சொல்லுதேன், இதைத் தூக்கிட்டு என் படி ஏறாதேன்னு?"

"கோச்சுக்காத நைனா. ஒரு ஜோடியாவது..."

"போறியா, ஆளைக் கூப்பிடவா?"

முனகிக்கொண்டே பொட்டலத்தைச் சுருட்டினார் தரகர். வாசல்வரை போனவருக்கு மனசு ஆறவில்லை. திரும்பி நின்று, பணத்தைத் திருப்பி வாங்கத் தயாராக நின்ற வக்கீலிடமே நியாயம் கேட்டார்:

"நீயே சொல்லு சார்! கொம்புல நகம் செதுக்குறவனுக்கு இவரு குடுக்கிற கூலியில பாதிக்கு நான் நெசப் புலியைத் தரேன்றேன். வாணாமாம்! கைக்காசைப் போட்டு, நஷ்டத்துக்கு எருமைக் கொம்பு விக்கிற ஆளு இந்த மெட்ராஸ்லயே இவரு ஒருத்தர்தான் சார்!"