நடுச்சுவர்

"இந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழட்டி என் கட்டில் தலைமாட்டுல மாட்டுங்க. வயரையும் அங்கயே இழுத்துடுங்க" என்றாள் மார்லிஸ். வீட்டுக்குள்ளேயே கோட்டும் குல்லாயும் போட்டிருந்தாள். அமெரிக்காவின் வடகோடியில், டுலூத் நகரத்து உறையும் ஜனவரி.

ஹால் சுவரில் இருந்த, ஹீட்டரின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் தெர்மோஸ்டாட்டை எலெக்ட்ரீஷியன் பார்த்தார். முள் உச்சியில் நின்றது.

"நான் ஏத்தி வைப்பேன். கண் அசந்தா இந்த மனுஷன் குறைச்சிடுவார்."

"நான் தொட்டதே இல்லடி" என்றார் அவள் கணவர் ஆர்விட், போர்வைக்குள்ளிருந்து.

"நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், ஒட்டின வீட்டு லோவெல்லைப் பாருங்க. எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு அரை டிராயரோட நிக்கிறார். அவர் ஆம்பளை."

எலெக்ட்ரீஷியன் கீழே ஹீட்டர் இருந்த பேஸ்மென்டுக்குப் போய்விட்டுத் தலையைச் சொறிந்தபடி வந்தார்.

"இந்த வயர் உங்க ஹீட்டருக்குப் போகலைங்க. சுவரைத் தாண்டி லோவெல் வீட்டு ஹீட்டருக்குப் போகுது. அவர் வீட்டு வயர் உங்க ஹீட்டருக்கு வருது. வீடு கட்டினவங்க மாத்திக் கொடுத்துட்டாங்க."

"அப்ப நான் ஏத்தினதெல்லாம்?"

"அவருக்கு வேர்த்திருக்கும். அவர் தன் வீட்டுத் தெர்மோஸ்டாட்டைக் குறைச்சிருப்பார். உங்களுக்குக் குளிர்ந்திருக்கும்."

"இத்தனை வருஷத்துல அவர் ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார் ஆர்விட்.

"அக்கம்பக்கத்துல போய்க் குறை சொல்றது மரியாதையா?" என்றாள் மார்லிஸ்.

"அரை மணி நேரத்துல சரிபண்ணிடலாம். அவர்கிட்ட மட்டும் விஷயத்தைச் சொல்லணும்."

"'இவ்வளவு நாளா உங்களை வேக வெச்சோம்'னு அவர்கிட்டச் சொல்றதா?" என்றாள் மார்லிஸ். " எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? வயர் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். நீங்க காப்பி சாப்பிட்டுப் போங்க."

மார்லிஸ் முள்ளை அடிமட்டத்துக்கு இறக்கினாள்.

காப்பி கொதிப்பதற்குள் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் ஆர்விட்டின் காலடியில் வெதுவெதுப்பாகக் காற்று வந்தது.

மார்லிஸ் குல்லாயைக் கழற்றினாள்.