முன்செவி

பாட்டுக்கு வயலின் வாசிக்கிறவர்கள் இப்போது முன்செவி இல்லாமல் மேடையேறுவதில்லை. பாடகர் அடுத்து என்ன பாடப்போகிறார் என்பதை அது ஒரு கணம் முன்னதாகவே காதில் சொல்லிவிடும். பத்மாசினி தன்னிடம் கற்க வருகிறவர்களுக்கும் முதல் வகுப்பிலேயே அதை மாட்டிவிடுகிறாள். பாடகர் சாரநாதனுக்கு அவள் வாசித்தால், "என்னமா ஒட்டிண்டே போறா!" என்று சபாவுக்குச் சபா பேச்சு.

அன்றைக்குக் கச்சேரி முடிந்ததும் சாரநாதன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பத்மா, நாளைக்கு அதைக் கழட்டி வெச்சுட்டு வாசியேன்."

"ஏன் மாமா, எங்கயாவது தப்பா வந்துடுத்தா?"

"தப்பே வரலைம்மா. எனக்குத் தோணறதுக்குள்ள உன் வில்லுல வந்துடறது. ஒரு நாளாவது நான் முன்னாடி போறேனே!"

மறுநாள் தோடி. சாரநாதன் ஷட்ஜத்தைத் தொட்டு நிறுத்தினார். காது வெறுமையாக இருந்ததால், எந்தப் பக்கம் திரும்பப் போகிறாரோ என்று பத்மாசினி வில்லைத் தந்தியில் வைத்தபடி அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் அவளுடைய வில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமும் அதைப் பார்த்துத்தான் பாடினார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

இருவரும் காத்திருந்தார்கள். தம்புரா மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் யாரோ, "ஆஹா!" என்று தலையாட்டினார்.