கதவில் எழுதியிருந்தது

"ஒண்ணும் எழுதல சார். வெறுங்கதவு. கையால தடவியே பாத்தேன்."

கோபால் பொய் சொல்கிற பையன் அல்ல. இருபத்தாறு வயது. புளி உலுக்கப் போகிறவன். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். என் பக்கம் திரும்பாமலே விசாரணை அதிகாரியிடம் சொல்லிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

என் பக்கத்தில் ஜெபகுமாரி. எங்கள் மலையில் துணை சுகாதார நிலையத்து நர்சு. கணியம்பாடிக்காரி. ஒன்பது வருஷமாக இங்கே பிரசவம் பார்க்கிறாள்.

அவள் மேல் இப்போது பதினேழு-பி. அரசாங்க ஊழியர் ஒழுங்கு விதிகளில் பெரிய தண்டனைக்கான பிரிவு. நிரூபணமானால் வேலையே போய்விடும்.

குற்றச்சாட்டு இதுதான். அனுமதியின்றி, தகவலும் இன்றி நிலையத்தைப் பூட்டிவிட்டுப் போனார். வலியோடு வந்த அன்பரசி என்ற கர்ப்பிணி, கீழே ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தார்.

நான் சின்னராசு. கிராம உதவியாளர். அரசு ஊழியர் சங்கத்துக்கு வட்டாரச் செயலாளர். இந்த மாதிரி விசாரணையில் குற்றம்சாட்டப்பட்டவருக்கு உதவியாக ஒரு சக ஊழியர் உட்காரலாம். இதுவரை பதினோரு பேருக்கு உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தர் வேலையையும் போகவிட்டதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

இந்த முறை ஜெபகுமாரியே என்னைத் தடுத்தாள். "நீங்க வேணாம் அண்ணா. வேற யாரையாச்சும் அனுப்புங்க" என்று அழுதாள். சங்கத்திலும் அதையேதான் சொன்னார்கள். நான்தான் பிடிவாதமாக வந்தேன்.

எங்கள் பக்கம் போனுக்கு டவர் கிடையாது. அதனால் அவள் வெளியே கிளம்பும்போது சாக்பீஸால் கதவில் எழுதிவிட்டுப் போவாள். எந்த ஊர், எத்தனை மணிக்குப் போனாள் என்று. அவசரமென்றால் ஆட்கள் அதைப் படித்துவிட்டு அந்த ஊருக்கே ஓடுவார்கள். ஒன்பது வருஷமாக அந்தக் கதவுதான் எங்களுக்குப் போன்.

பக்கத்து நிலையத்தில் நர்சு இல்லாமல் மூன்று வருஷம். அதையும் இவளே பார்க்கட்டும் என்று வாயால் சொன்னார்கள். எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொடுக்கவில்லை. ஆள் போடுங்கள் என்று சங்கம் நாலு மனு கொடுத்தது. நாலையும் எந்தக் கரையான் தின்றதோ.

"நான் எழுதினேன் சார்" என்றாள் ஜெபகுமாரி. "சுண்டக்காடு, பத்து மணின்னு எழுதிட்டுத்தான் போனேன்."

பிறகு என் பக்கம் குனிந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"இல்ல, மறந்துட்டனா அண்ணா? எனக்கே இப்ப சந்தேகமா கீது."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஆறு மாதமாக அவளைத் தன் கையையே நம்பாதபடி விட்டு வைத்திருக்கிறேனே, நானெல்லாம் ஒரு மனுஷனா?

சம்பவம் நடந்த அன்றைக்கு நான் அந்தக் கதவுப் பக்கமாகத்தான் போனேன். மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி திடீர் ஆய்வுக்கு மலையேறுகிறார் என்று எனக்கு முன்னாடியே தகவல். கதவில் கொட்டை எழுத்தில் சுண்டக்காடு, பத்து மணி. சுண்டக்காடு பக்கத்து நிலையத்து ஊர். பகீரென்றது. உத்தரவில்லாமல் வேறு எல்லைக்குப் போனேன் என்று அவளே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. வெறுங்கதவாக இருந்தால், வீடு வீடாகப் பார்க்கப் போயிருக்காங்க சார் என்று சொல்லி நான் சமாளித்துவிடுவேன். சங்கத்துக்காரன் புத்தி.

துண்டை நனைத்து அழித்தேன். ஒரு புள்ளி மிச்சமில்லை. ஓர் உறுப்பினரைக் காப்பாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனேன்.

அந்த அதிகாரி வரவேயில்லை. அடிவாரத்தில் மழை என்று திரும்பிவிட்டாராம்.

ஒரு மணி நேரம் கழித்து கோபால் ஜீப்பில் வந்தான். குறித்த தேதிக்கு இருபது நாள் முன்னதாகவே அன்பரசிக்கு வலி. சுண்டக்காடு ஜீப்பில் பத்தே நிமிஷம். கதவில் ஒன்றுமில்லை, பாவம், அவன் என்ன செய்வான்? ஜீப்பைக் கீழே விடச் சொன்னான். பாதி வளைவு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாயும் போய், பிள்ளையும் போய்.

விசாரணை அதிகாரி வேறு மாவட்டத்துக்காரர். நல்ல மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுதினதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா? இல்லேன்னா முடிச்சுக்கலாம்."

"இருக்குது சார்" என்றேன். "எழுதியிருந்துச்சு. நாந்தான் அழிச்சேன்."

ஜெபகுமாரி வாயைப் பொத்திக்கொண்டாள். கோபால் பெஞ்சிலிருந்து எழுந்தான். ஆறு மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதிகாரி என்னை இந்தப் பக்கத்திலிருந்து எழுந்து சாட்சி நாற்காலிக்கு வரச் சொன்னார். எதிரே நாலடி. மேஜையைச் சுற்றிக்கொண்டு போனேன். அடுத்த பதினேழு-பி எனக்குத்தான். வரட்டும்.

அவர் புதுத்தாள் எடுத்தார். பெயர், வயது, பதவி. சொன்னேன்.

"இறந்துபோன பெண் உங்களுக்கு உறவா?"

கோப்பு முழுக்க நான் படித்திருக்கிறேன். எல்லாத் தாளிலும் அன்பரசி, கணவர் பெயர் கோபால் என்றுதான் இருக்கிறது. கல்யாணம் கட்டிக் கொடுத்த பிறகு அப்பன் பெயரை எந்த ஆபீசிலும் கேட்பதில்லை.

"எம்பொண்ணு சார்" என்றேன்.